ஆலைச் சுவருக்கு வெளியே பின்னப்பட்டவை

பிரான்சின் வடகடற்கரையில் உள்ள கலே நகரத்தில், 1870களில் எழுப்பப்பட்ட லேஸ் ஆலையொன்று 2009-ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக இயங்கிவருகிறது. பூலார் ஆலை என்பது அதன் பழைய பெயர். செங்கல் கட்டடத்தை இடிக்காமல், அதனோடு ஒட்டி, வளைந்து செல்லும் கண்ணாடி முகப்பொன்றைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் மேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஜக்கார்டு அட்டையில் உள்ள துளைகளின் சாயல் அது. காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ பட்டுத்தறியின் தலைக்கு மேல் தொங்கும் துளையிட்ட அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த முகப்பு அந்நியமாகத் தோன்றாது.

உள்ளே லீவர்ஸ் எந்திரங்கள் நிற்கின்றன. நிற்கின்றன என்பதைவிட ஓடுகின்றன என்பதே சரி. குறிப்பிட்ட வேளைகளில் அவற்றை இயக்கிக் காட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் பத்து டன் எடைக்கும் மேற்பட்ட இரும்பு, ஆயிரக்கணக்கான இழைகள், மெல்லிய, தட்டையான பித்தளை பாபின்கள் பாவு நூல்களுக்கு இடையே ஊசலாடி, நூலோடு நூலை முறுக்குகின்றன. எண்ணெய் பட்டால் லேஸ் கறைபடும் என்பதால், உராய்வைக் குறைக்க கிராஃபைட் தூளைப் பயன்படுத்துவார்கள். ஆகவே மணப்பெண்ணின் முகத்திரைக்காகப் பின்னப்படும் வெண்ணிற லேஸ், எந்திரத்தை விட்டு இறங்கும்போது அழுக்குச் சாம்பல் நிறத்தில்தான் இறங்கும். எந்திரத்தை ஓட்டியவரின் கையும் முகமும் அதே நிறத்தில் இருக்கும். கழுவிய பின்பு லேஸ் மட்டும் வெளுக்கும்.

இத்தகைய அருங்காட்சியகங்களில் கலேயை முன்வரிசையில் வைப்பதில் தவறில்லை. எந்திரத்தை வண்ணம் பூசிக் கயிறு கட்டி நிறுத்திவிட்டு, ‘தொடாதீர்கள்’ என்று பலகை மாட்டும் இடங்களே உலகில் அதிகம். ஓடாத எந்திரம் ஒரு சிற்பம். அதனிடமிருந்து உழைப்பைப் பற்றி எதையும் கற்க முடியாது. கலேயில் இரைச்சல் கேட்கிறது, தரை அதிர்கிறது. அந்த இரைச்சலில் நாள் முழுவதும் நின்றவர்களின் செவிகள் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி, பார்வையாளரின் மனத்தில் தானாகவே எழுகிறது. இவ்வளவு நன்றாகச் செய்த இடம் என்பதாலேயே, எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்பதற்கும் அது தகுதியான இடமாகிறது. பழைய ஆலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அங்காடி வளாகங்களாக மாற்றிவரும் இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது.

முதலில் அந்த எந்திரம் கலேக்கு வந்த கதை. கைப்பின்னல் லேஸின் அசைவுகளை இரும்பில் பெயர்த்தவர் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர். 1808, 1809-ஆம் ஆண்டுகளில் அவர் காப்புரிமைகளைப் பெற்றார். 1816-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லஃப்பரோ நகரில் இருந்த அவருடைய ஆலைக்குள் லட்டைட்டுகள் புகுந்து 55 எந்திரங்களை உடைத்தனர். அவர் ஊரையே விட்டுத் தெற்கே டெவன் மாவட்டத்தின் டிவர்ட்டனுக்குப் பெயர்ந்தார். அவருடைய எந்திரத்தை 1813 வாக்கில் மேம்படுத்தியவர் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஜான் லீவர்ஸ். 1841-இல் அதனோடு ஜக்கார்டு அமைப்பு இணைக்கப்பட்ட பிறகு, எந்தப் பூவையும் எந்தக் கொடியையும் எந்திரத்தால் பின்ன முடியும் என்ற நிலை வந்தது.

எந்திரங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதை அன்றைய பிரிட்டிஷ் சட்டம் தடைசெய்திருந்தது. தடை இருந்தால் கடத்தலும் இருக்கும். 1816-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டிங்ஹாமின் லேஸ்காரர்கள் எந்திரங்களைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கால்வாயைக் கடந்து, கலேக்கு வெளியே இருந்த சேன்-பியர் என்ற ஊரில் மீண்டும் பூட்டினார்கள். அவ்வாறு 1817-இல் வந்து தொழில் தொடங்கிய ஒருவரின் மகன்தான் பின்னாளில் நிலக்காட்சி ஓவியங்களால் புகழ்பெற்ற ரிச்சர்ட் பார்க்ஸ் பானிங்டன். சேன்-பியர் வளர்ந்து, தாய் நகரத்தை விஞ்சி, 1885-இல் கலேயுடன் இணைக்கப்பட்டது. இடையில் 1848-ஆம் ஆண்டுப் புரட்சி. ஆலைகள் அடைபட்டன; ஆங்கிலத் தொழிலாளர்களுக்குப் பிரான்சில் வேலை இல்லை, இங்கிலாந்திலும் இடமில்லை. தங்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைக்குமாறு அரசிடம் விண்ணப்பித்தார்கள். அவ்வாண்டில் மூன்று கப்பல்களில் சில நூறு பேர் அங்கே போய்ச் சேர்ந்தனர். அங்கே லேஸ் ஆலை ஏது? பலர் பயிரிடவும் ஆடு மேய்க்கவும் கற்றுக்கொண்டார்கள்.

மொழியியலாளர்களுக்கு இந்த வரலாற்றின் எச்சங்களில் மிகச் சுவையானது கலேயின் தொழிற்சொற்கள். எந்திரம் கடத்தப்பட்டபோது சொற்களும் உடன் கடத்தப்பட்டன; அவற்றைச் சுங்கத்தில் யாரும் தடுக்கவில்லை. பாவு சுற்றுவதைக் குறிக்கும் ‘வார்ப்’ என்ற ஆங்கிலச் சொல் கலேயின் பிரெஞ்சில் ‘வாப்பாஜ்’ ஆனது. பாபினில் நூல் ஏற்றும் பெண்ணுக்கு ‘வீலூஸ்’ என்று பெயர். சக்கரத்தைக் குறிக்கும் ‘வீல்’ என்ற ஆங்கிலப் பகுதியோடு பிரெஞ்சுப் பெண்பால் விகுதி சேர்ந்த சொல் அது. பாரிஸின் பிரெஞ்சுக்காரருக்கு அது புரியாது; லண்டனின் ஆங்கிலேயருக்கும் புரியாது. கூலியை அளக்கும் அலகு ‘ராக்’. எந்திரத்தின் 1,920 அசைவுகள் ஒரு ராக். எத்தனை ராக் ஓடியது என்பதே வாரக் கடைசியில் கைக்கு வரும் காசு. எந்திரத்தை ஓட்டுபவர் ‘த்யூலிஸ்ட்’. அந்தச் சொல்லுக்கு மட்டும் வேர் பிரெஞ்சு: வலைத்துணிக்குப் பெயர் தந்த த்யூல் என்ற ஊர்.

இந்தச் சொற்களைச் சற்று உற்றுப் பார்த்தால் ஆலையின் சமூக அமைப்பு தெரியும். த்யூலிஸ்ட் என்பவர் ஆண். ஏறத்தாழ எப்போதும் ஆண். தந்தையிடமிருந்தோ மாமனிடமிருந்தோ பல ஆண்டுகள் கற்றுத் தேறியவர். ஊரில் மதிப்பும் நல்ல கூலியும் உள்ளவர். பெண்பால் விகுதி ஏறிய சொற்களெல்லாம் எந்திரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளுக்கு உரியவை. நூல் ஏற்றுபவள், அறுந்த கண்ணிகளை ஊசியால் தைத்து மூடுபவள், பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும் லேஸைப் பிரிப்பதற்காக இணைப்பு நூலை உருவி எடுப்பவள், பூவின் விளிம்பை ஒட்டிக் கத்தரிப்பவள். எந்திரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் இறங்கும் சரக்கு, இத்தனை பெண்களின் கைகளைக் கடந்த பிறகே ‘லேஸ்’ என்று விற்கத் தக்கதாகும்.

இவர்களில் கணிசமானோர் ஆலைக்குள் வரவே இல்லை. கூடைகளிலும் மூட்டைகளிலும் லேஸை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அடுப்பில் சூப் கொதிக்கும்போது, குழந்தை தூங்கும்போது, சன்னல் வெளிச்சம் இருக்கும்வரை நூல் உருவினார்கள். அவர்களுடைய வேலையிடம் சமையல்கட்டு. அதை எந்த நகராட்சி விலைக்கு வாங்கிப் புதுப்பிக்கும்?

பழைய ஆலையை அருங்காட்சியகமாக மாற்றும் கருத்திலேயே உள்ள சிக்கல் இதுதான். கட்டடம் தேர்வு செய்துவிடுகிறது. சுவருக்குள் நடந்தது ‘தொழில்’ ஆகிறது. சுவருக்கு வெளியே நடந்தது ‘பின்னணி’ ஆகிறது. பின்னணியைப் பற்றி ஒரு பலகை எழுதலாம், ஒரு பழைய நிழற்படத்தை மாட்டலாம், மாட்டுகிறார்கள். ஆனால் பத்து டன் இரும்பு அதிரும் கூடத்தில் ஒரு நிழற்படத்தின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? பார்வையாளர் வீடு திரும்பும்போது அவருடைய நினைவில் நிற்பது எந்திரமும் அதை ஓட்டிய மனிதருமே. இது காட்சியமைப்பாளர்களின் அலட்சியத்தால் வருவதன்று. எடையும் ஒலியும் உள்ள பொருளுக்கு அருங்காட்சியகம் இயல்பாகவே இடம் கொடுக்கும். விரலின் வேகத்துக்கு எடை இல்லை.

கைப்பின்னல் லேஸுக்கு ஏற்கெனவே மதிப்பு உண்டு என்று சிலர் வாதிடலாம். உண்டுதான். பிரான்சின் அலான்சோன் நகரத்து ஊசி லேஸை 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் ஒரு சதுர சென்டிமீட்டர் பின்ன ஏழு மணி நேரம் ஆகும், முழுமையாகக் கற்க ஏழு முதல் பத்தாண்டுகள் ஆகும். ஆனால் அது கலைஞரின் கை. கலேயின் வீடுகளில் நூல் உருவிய கை கலைஞருடையதும் அன்று, எந்திர வல்லுநருடையதும் அன்று. இரண்டு மகுடங்களுக்கும் இடையில் விழுந்த கை அது. மரபு என்ற சொல்லைக் கையாளும் நிறுவனங்கள் இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இதற்கு அவசரம் ஏன் என்றால், லீவர்ஸ் எந்திரத்தைப் புதிதாகச் செய்பவர் இன்று யாருமில்லை. கலேயிலும் கோட்ரியிலும் எஞ்சியிருக்கும் எந்திரங்களே உலகின் பெரும் தொகுதி. பின்னலாடை முறையில் இயங்கும் ராஷல் எந்திரங்கள் பல மடங்கு வேகமாக, பல மடங்கு மலிவாக லேஸ் போன்ற ஒன்றைத் தருகின்றன. உள்ளாடைச் சந்தையின் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. நாட்டிங்ஹாமின் நிலை இன்னும் மோசம். லேஸ் மார்க்கெட் என்று இன்றும் அழைக்கப்படும் பகுதியின் கம்பீரமான கிடங்குகளில் குடியிருப்புகளும் கல்லூரியும் மதுக்கூடங்களும் இயங்குகின்றன, லேஸ் இல்லை. 2011-இல் பிரிட்டிஷ் அரச குடும்பத் திருமணத்தில் மணப்பெண் அணிந்த ஆடைக்குக் கோட்ரியிலிருந்தும் லேஸ் போயிற்று என்று பிரெஞ்சு நாளேடுகள் பெருமைப்பட்டன. கடத்திக்கொண்டு போன எந்திரம் இருநூறு ஆண்டுகள் கழித்து வரி கட்டியதைப் போல.

எந்திரத்தைக் காப்பாற்றிவிடலாம். உதிரிப் பாகத்தை வார்த்துக்கொள்ளலாம், ஓட்டுவதற்கு இளைஞர் சிலரைப் பயிற்றலாம். வீலூஸ் என்று அழைக்கப்பட்டவர்களுள் கடைசிப் பெண்மணி மறைந்தபின், அந்தச் சொல் எந்தத் தொனியில் சொல்லப்பட்டது, யார் யாரை அப்படி அழைத்தார்கள், வசையாகவும் அது பயன்பட்டதா என்பவற்றை எந்த வார்ப்படத்திலும் மீட்க முடியாது. அகராதியில் ஒரு பதிவு எஞ்சும். அகராதிப் பதிவு என்பது நிறுத்திவைக்கப்பட்ட எந்திரத்தைப் போன்றது. ஆகவே பேச்சையும் கூலிக் குறிப்பேட்டையும் வீட்டு வேலையின் சிறு கருவிகளையும் துணைப் பொருள்களாக வைக்காமல், அருங்காட்சியகத்தின் முதன்மைச் சேகரிப்பாகவே கருத வேண்டும். எந்திரத்துக்கு ஒதுக்கும் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை ஒலிப்பதிவுக்கு ஒதுக்குவது பெரிய காரியமன்று.

மும்பையைப் பார்க்கலாம். தத்தா சாமந்த் தலைமையில் 1982-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பங்கேற்றனர். ஆலைகள் மீளவில்லை. பீனிக்ஸ் மில் இன்று ஆடம்பர அங்காடி; புகைபோக்கி மட்டும் அலங்காரமாக நிற்கிறது. காலாசௌக்கியின் இந்தியா யுனைடெட் மில் வளாகத்தில் ஜவுளி அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அது முழுமையாக உருவாகும்போது உள்ளே தறி இருக்கும், கதிர்கள் இருக்கும், நிழற்படங்கள் இருக்கும். கானாவள்களுக்கு எங்கே இடம்? கொங்கணத்திலிருந்து குடும்பத்தை விட்டு வந்த ஆண்களுக்கு மாதக் கணக்கில் சோறு ஆக்கிப் போட்டவர்கள் கிரண்காவ் பகுதியின் பெண்கள். அவர்களைத் திரட்டிப் பிரேமா புரவ் 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். அந்தச் சோறு இல்லாமல் ஒரு ஷிப்டும் ஓடியிருக்காது. ஆயினும் அது சுவருக்கு வெளியே நடந்த வேலை. நல்வாய்ப்பாக, மீனா மேனனும் நீரா அடார்க்கரும் தொழிலாளர்களின் வாய்மொழிகளைத் திரட்டி 2004-இல் நூலாக்கினார்கள். அந்நூலில் உள்ள குரல்களைச் சுற்றிக் கட்டடத்தை அமைக்கலாம். கட்டடத்தை முடித்துவிட்டுக் குரல்களைத் தேட வேண்டியதில்லை.

லேஸுக்கே திரும்பினால், இந்தியாவின் பெரிய லேஸ் மையம் ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் அறிமுகப்படுத்திய குரோஷா பின்னல் அங்கே பெரும் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தப் பெண்களைப் பற்றியது. நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும் அவர்கள் ‘இல்லத்தரசிகள்’ என்றே அறியப்பட்டார்கள், பின்னல் ‘ஓய்வு நேர வேலை’ என்றே அழைக்கப்பட்டது, அந்தப் பெயராலேயே கூலி குறைக்கப்பட்டது, வணிகமும் இலாபமும் ஆண்களின் கையில் சேர்ந்தன என்று அவர் விரிவாகக் காட்டினார். சொல் ஒன்று கூலியைத் தீர்மானித்த கதை அது. நரசாபுரம் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்குப் பெயர் காக்கும் சட்டம் வந்துவிட்டது. செய்பவரைத் தொழிலாளி என்ற பெயரால் அழைக்கும் பழக்கம் அதனால் மட்டும் வந்துவிடாது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் தொடங்கிய பள்ளியில் பெண்கள் லேஸ் பின்னக் கற்றார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் ஒழிக்கப்படும் முன்பே, பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம்மை விடுவித்துக்கொண்ட அடிமைப் பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. மார்த்தாவின் மகள் எலிசா, கணவருடன் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்று, அங்கும் அந்தப் பின்னலைப் பரப்பினார். அந்தக் கணவர் ராபர்ட் கால்டுவெல். 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தை மொழியியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிவார். அதே வீட்டில், அதே ஊரில், எலிசாவிடம் கற்ற பெண்கள் தலையணை மேல் பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மொழியியல் கேட்டதே இல்லை. பின்னலின் ஒவ்வொரு அசைவுக்கும் ஆங்கிலத்திலிருந்து கற்ற பெயரையே வைத்துக்கொண்டார்களா, இடையன்குடித் தமிழில் தாங்களே பெயர் சூட்டினார்களா?

லேஸுக்குத் தமிழில் பழைய சொல்லொன்று உண்டு: ரேந்தை. போர்த்துக்கீசிய ‘ரெண்டா’வின் வழி வந்தது. தமிழ்நாட்டில் அதை ‘லேஸ்’ விழுங்கிவிட்டது. இலங்கைத் தமிழில் இன்றும் வழங்குகிறது. காலிப் பகுதியில் லேஸ் பின்னும் சிங்களப் பெண்கள் தங்கள் கலையை ‘பீரலு’ என்கிறார்கள். பாபினைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு அது. போர்த்துக்கீசியர் இலங்கையை இழந்து மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. கோட்டைகள் டச்சுக்காரர்களால் மாற்றிக் கட்டப்பட்டன, ஆவணங்கள் அழிந்தன. கருவியின் பெயரை மட்டும் பெண்களின் வாய் விடவில்லை.

நரசாபுரத்தில் ஆலை இல்லை, இடையன்குடியிலும் இல்லை. புதுப்பிக்கச் செங்கல் சுவரோ, இயக்கிக் காட்டப் பத்து டன் எந்திரமோ இல்லாத இத்தொழிலுக்கு அருங்காட்சியகம் அமைக்க வேண்டுமானால், கலேயின் மாதிரியை அப்படியே பெயர்த்து வர முடியாது. ஒரு திண்ணை, ஒரு குரோஷா ஊசி, நூற்கண்டு, தரகர் எழுதிக் கொடுத்த கணக்குச் சீட்டு, அதைப் பற்றிப் பேசும் பெண்ணின் குரல். பேசுவதற்கு அந்தப் பெண்கள் இப்போது இருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய சிலருக்குக் கண் மங்கியிருக்கலாம்; ஒரு முழத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் காசு கணக்கு உட்பட நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள்.